வாளும் வாசமும்: மர அறுப்பு ஆலைக் காற்றின் வரலாறு

அரபு அகராதிகளைப் புரட்டுவோர் ‘நஷ்ர்’ என்னும் சொல்லருகே வந்ததும் சற்றே நின்றுவிடுவது வழக்கம். நூன், ஷீன், ரா என்னும் மூன்றெழுத்து வேரிலிருந்து கிளைத்த சொற்கள் ஒன்றா, இரண்டா! மரத்தை அறுப்பது நஷ்ர். அறுக்கும் வாள் மின்ஷார். அறுக்கையில் உதிரும் தூள் நுஷாரா. விரிப்பதும் பரப்புவதும் நஷ்ர்தான். அதனாலேயே நூல் வெளியிடுவோரை இன்றும் நாஷிர் என்கிறார்கள். மறுமையில் எழுப்பப்படுவது நுஷூர். இவை அனைத்தோடும், காற்றில் பரந்து வரும் நறுமணத்துக்கும் நஷ்ர் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள் பழைய அரபு மொழியாளர்கள்.

வாளும் தூளும் மணமும் ஒரே வேரில் அமைந்ததற்கு மரப்பட்டறை காரணம் என்று நாம் வாதிட வரவில்லை. பரவுதல் என்ற அடிப்படைப் பொருளே அவற்றை இணைத்தது. ஆயினும் மர அறுப்பு ஆலை ஒன்றினுள் கால் வைத்தவர்க்கு இந்தப் பொருத்தம் புரியாமல் இராது. வாள் ஓடுகிறது, தூள் பறக்கிறது, மணம் பரவுகிறது. தூளைக் கண் காண்கிறது. மணத்தைக் கண் காண்பதில்லை. இந்த வேறுபாட்டில்தான் நாம் சொல்ல வரும் வரலாறு அடங்கியிருக்கிறது. மரத்தூளால் விளையும் கேட்டை உலகம் ஒப்புக்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று. ஆவியாகவும் மணமாகவும் வரும் கேட்டை ஒப்புக்கொள்ள அதனினும் நெடுங்காலம் ஆயிற்று. அதுவரை அந்தக் காற்றை உள்ளிழுத்துக் கொண்டிருந்தவர்கள் ஆலைத் தொழிலாளிகளே.

மரத்தின் மணம் நோய் செய்யும் என்று சொன்னால் நம்மவர் எளிதில் நம்பமாட்டார்கள். சந்தனமும் அகிலும் நமக்கு மங்கலப் பொருள்கள். ஊது கட்டையைத் தணலில் இட்டு வீடெங்கும் புகையவிடுவது நம் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். தச்சுத் தொழிலுக்கும் நம்மிடத்தில் தனி மதிப்பு உண்டு. நபி ஜகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்பது ஸஹீஹ் முஸ்லிமில் காணப்படும் செய்தி. அரபு வணிகர்கள் இந்தியத் தேக்கை ‘ஸாஜ்’ என்று அழைத்துப் பாரசீக வளைகுடாவின் துறைமுகங்களுக்கு ஏற்றிச் சென்றார்கள். ஸீராஃப் நகரத்து மாளிகைகள் தேக்காலும் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வந்த மரத்தாலும் கட்டப்பட்டிருந்ததை ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் நிலவியலார் இஸ்தக்ரீ குறித்து வைத்திருக்கிறார். கள்ளிக்கோட்டைக் கல்லாயி ஆற்றங்கரையில் மாப்பிள்ளைமார் நடத்திய மர வணிகமும் உலகறிந்ததே. இத்தனை நெருங்கிய உறவுள்ள பொருளை நாம் ஐயுறுவதில்லை.

ஆனால் நறுமணமும் ஒருவரைப் பிணியில் தள்ளலாம் என்பதை முதன்முதலில் ஆராய்ந்து எழுதியவர்களுள் ஒருவர் நம் அறிவு மரபைச் சேர்ந்தவரே. ரய் நகரத்து மருத்துவ மேதை அபூபக்ர் முஹம்மது இப்னு ஜகரிய்யா அர்ராஸீ (கி.பி. 925 வாக்கில் மறைந்தவர்) ஒரு சிறு நூல் எழுதினார். வசந்த காலத்தில் ரோஜாவை முகரும்போதெல்லாம் அபூ ஸைத் அல்பல்கீ என்ற அறிஞருக்கு ஜுகாம் என்னும் மூக்கு நீர்ப்பாய்ச்சல் ஏன் உண்டாகிறது என்பதே அந்நூலின் பொருள். ஊரெல்லாம் விரும்பி முகர்ந்த மலர் அது; அவர் ஒருவருக்கு மட்டும் மூக்கும் தொண்டையும் வெந்தன. ‘எல்லாருக்கும் இன்பமாயிருப்பது உமக்கு மட்டும் எப்படித் துன்பமாகும்?’ என்று ராஸீ தள்ளிவிடவில்லை. நோயாளியின் சொல்லை மெய்யென்று கொண்டு, காலத்தையும் பொருளையும் நோயையும் இணைத்துப் பார்த்தார். அந்தச் சிந்தனை அரண்மனை அறிஞரிடமிருந்து பட்டறைத் தொழிலாளிவரை இறங்கி வருவதற்குப் பல நூற்றாண்டுகள் ஆயின என்பதுதான் வருத்தம்.

இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ராமாத்ஸீனி 1700-ஆம் ஆண்டில் தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு ‘உன் தொழில் என்ன?’ என்ற கேள்வியையும் சேர்க்கவேண்டும் என மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியவர் அவரே. 1713-இல் வந்த பதிப்பில் மரவேலை செய்வோருக்கெனத் தனி அத்தியாயம் சேர்ந்தது. எளிய கேள்விதான். ஆனால் அதைக் கேட்ட இடங்களில் மட்டுமே நம் வரலாறு ஓரடி முன்னேறியிருக்கிறது.

எந்திர வாள் வந்த பின்

முன்பெல்லாம் மரம் அறுப்பது இருவர் வேலை. ஒருவர் மேலே நிற்பார், ஒருவர் கீழே குழியில் நிற்பார், இடையே பெருவாள். கீழே நிற்பவர் முகத்தில் தூள் கொட்டும். ஆனால் வேலை திறந்த வெளியில் நடந்தது. வாள் மெல்ல ஓடியது. தூள் பருமனாக விழுந்தது. நீராவி எந்திரம் வந்து, வட்டவாளும் பட்டைவாளும் கூரையின் கீழ்ச் சுழலத் தொடங்கியபின் மூன்று மாற்றங்கள் ஒருசேர நிகழ்ந்தன. தூள் நுண்ணியதாயிற்று, வாளின் வேகத்தால் மரம் சூடேறி அதனுள் இருந்த எண்ணெய்ப் பொருள்கள் ஆவியாயின, அடைந்த கொட்டகை அவ்விரண்டையும் வெளியேற விடாமல் தேக்கி வைத்தது.

இதன் முதல் எச்சரிக்கை நூல் ஆலை நாடான லங்காஷயரிலிருந்து வந்தது. தறி நாடாக்கள் செய்வதற்குப் பாரசீகத்திலிருந்து வந்த பாக்ஸ் மரத்தையே அங்கே பயன்படுத்தி வந்தார்கள். அது அரிதானபோது ஆப்பிரிக்காவிலிருந்து அதே பெயர் சூட்டப்பட்ட வேறு மரங்களை வாங்கினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அந்த மரத்தில் வேலை செய்தவர்களுக்குத் தலைவலி, மயக்கம் போன்ற தூக்கம், கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிதல், மூச்சுத் திணறல், நாடி தளர்தல் எல்லாம் உண்டாயின. ஆராய்ந்தபோது மரத்தினுள் இதயத்தைத் தளர்த்தும் நச்சு அல்கலாய்டு ஒன்று இருப்பது தெரியவந்தது. வணிகர் கண்ணுக்கு இரண்டும் ஒரே பெயருடைய மரம். தொழிலாளியின் நெஞ்சுக்கு இரண்டும் ஒன்றாக இல்லை.

அதே காலத்தில் பிரிட்டிஷ் கப்பல் தளங்களில் இலங்கையிலிருந்தும் தென்னிந்தியாவிலிருந்தும் சென்ற மரம் ஒன்றும் பெயர் கெட்டது. ஆங்கிலேயர் பட்டு மரம் என்றழைத்த அதை இலங்கைத் தமிழர் முதிரை என்பர். அழகிய மஞ்சள் நிறமும் வழவழப்பும் உடைய அம்மரத்தை இழைத்தவர்களுக்குக் கையிலும் முகத்திலும் கொப்புளம் கிளம்பியது. 1909-இல் அதற்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தார்கள். தேக்கிலும் ஈட்டியிலும்கூடத் தோலை உறுத்தும் பொருள்கள் உண்டு என்று பிற்காலத்து ஆய்வுகள் காட்டின. மரம் தன்னைக் கரையானிடமிருந்தும் பூஞ்சையிடமிருந்தும் காத்துக்கொள்ளச் சேர்த்து வைத்திருக்கும் மருந்தே மனிதனுக்கு நஞ்சாகிறது. எந்த மரம் நூறாண்டு உளுக்காது என்று நாம் புகழ்கிறோமோ, அந்த மரத்தை அறுப்பவர்தான் கூடுதலாக எச்சரிக்கையோடு இருக்கவேண்டும்.

இரவில் வந்த இருமல்

இந்த வரலாற்றில் நாம் நீண்ட நேரம் நிற்கவேண்டிய இடம் கனடாவின் மேற்குக் கரை. பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் செஞ்சீடார் என்னும் மரம் காடுகாடாக வளர்கிறது. பெயரில் சீடார் இருந்தாலும் இமயத்துத் தேவதாருவுக்கும் லெபனான் மலை மரத்துக்கும் இது உறவன்று. சைப்ரஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. மழைக்கும் பூச்சிக்கும் அஞ்சாதது. கூரை ஓடுகளாக அறுக்க ஏற்றது. மணமோ மிக இனியது.

அந்தக் கரையின் ஆலைகளில் உழைத்தவர்களில் நம் நாட்டவரும் பலர். பஞ்சாபிலிருந்து சென்ற சீக்கியர்களும், அவர்களோடு சென்ற சில முஸ்லிம்களும் இந்துக்களும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அங்கே மரம் அறுத்தார்கள். 1907-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள், எல்லைக்கு அப்பால் அமெரிக்காவின் பெல்லிங்ஹாம் நகரத்தில் வெள்ளையர் கூட்டமொன்று மர ஆலைகளிலும் விடுதிகளிலும் புகுந்து இந்தியத் தொழிலாளரை ஊரைவிட்டே துரத்தியது. கூலியைக் குறைக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. துரத்தப்பட்டும் இத்தொழிலை விடாதவர்கள் அவர்கள். வான்கூவர் தீவில் மேயோ சிங் என்பார் அமைத்த ஆலையைச் சுற்றி எழுந்த ஊருக்குப் பிற்காலத்தில் அவருடைய சொந்த ஊரான பால்டியின் பெயரே நிலைத்தது. அந்நாளில் அந்தத் தொழிலாளரின் மூச்சைப் பற்றி யார் கேட்டிருப்பார்கள்?

செஞ்சீடார் மரத்தால் ஆஸ்துமா உண்டாகிறது என்று முதலில் எழுதியது கனடா அன்று, ஜப்பான். அங்கே இறக்குமதியான அம்மரத்தை இழைத்தவர்களுக்கு மூச்சிரைப்பு வருவதை 1926-இல் சேகி என்ற மருத்துவர் குறித்தார். 1960-களில் ஆஸ்திரேலியாவிலிருந்தும் அத்தகைய செய்தி வந்தது. மரம் விளைந்த நாட்டில் அதனைத் தீர ஆராய்ந்தவர் வான்கூவரில் பணியாற்றிய டாக்டர் மோய்ரா சான்-யங் அம்மையார். அவரும் அவர் தோழர்களும் 1971 முதல் வரிசையாக ஆய்வுரைகள் வெளியிட்டார்கள். நோயுற்ற தொழிலாளிகளை மருத்துவமனையில் வைத்து, மரத்திலுள்ள பிளிகாட்டிக் அமிலம் என்னும் பொருளை மிகச் சிறிய அளவில் முகரச் செய்து, மூச்சின் வேகத்தை மணிக்கணக்காக அளந்தார்கள்.

அப்போதுதான் ஒரு புதிர் அவிழ்ந்தது. சிலருக்கு முகர்ந்த சில நிமிடங்களிலேயே மூச்சுக்குழல் சுருங்கியது. ஆனால் பலருக்கு அப்போது ஒன்றும் ஆகவில்லை. பல மணி நேரம் கழித்தே இரைப்பு வந்தது. காலையில் முகர்ந்தவருக்கு மாலையில்! ஆலையில் பகலெல்லாம் நன்றாக இருந்தவர் வீட்டுக்கு வந்து படுத்தபின் இருமத் தொடங்குவதன் காரணம் இதுவே. நோய் வீட்டில் தோன்றியதால் குற்றம் வீட்டின்மேல் விழுந்தது. குளிர் என்றார்கள், படுக்கைத் தூசி என்றார்கள், பரம்பரை என்றார்கள். வாளைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை. மனைவிமார் இரவெல்லாம் விழித்திருந்து முதுகைத் தடவிக் கொடுத்திருப்பார்கள். கணவனின் தொழிலுக்கும் அந்த இருமலுக்கும் தொடர்பிருக்கக்கூடும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

இந்த மரத்தூளில் உழைப்பவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு நால்வர், ஐவருக்கு ஆஸ்துமா வருவதாகக் கணக்கிடப்பட்டது. மற்றொன்றும் தெரிந்தது. இந்நோய் வந்தவர்களில் மிகப்பலர் புகை பிடிக்காதவர்கள்; பரம்பரையாக ஒவ்வாமை உடையவர்களும் அல்லர். ஆகவே ‘அவன் உடல்வாகு அப்படி’ என்று சொல்லித் தப்பிக்க வழியில்லாமல் போயிற்று.

1987-இல் வந்த ஆய்வுரைதான் நம் நெஞ்சை மிகவும் தொடுகிறது. செஞ்சீடார் ஆஸ்துமா வந்த 232 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். அவர்களில் 136 பேர் அந்த மரத்தோடு இருந்த தொடர்பை அடியோடு விட்டுவிட்டார்கள். அவர்களிலும் முழுமையாகக் குணமடைந்தவர்கள் ஏறக்குறைய நாற்பது சதவீதத்தினரே. எஞ்சியோர்க்கு ஆலையை விட்டபின்னும் இரைப்பு விடவில்லை. குணமானவர்கள் யாரென்று பார்த்தால், நோய் தொடங்கிய கொஞ்ச காலத்திலேயே கண்டுபிடித்து வெளியேறியவர்கள். விலக முடியாமல் அதே வேலையில் நின்றவர்களில் ஒருவருக்கும் நோய் தீரவில்லை. பிழைப்பை விட்டால் அடுப்பெரியாது. விடாவிட்டால் நெஞ்சு ஆறாது. இந்த இரண்டுக்கும் நடுவே நின்று முடிவு செய்யத் தொழிலாளிக்குக் கிடைத்த காலமோ மிகக் குறுகியது. சீக்கிரம் கண்டுபிடிக்கப்பட்டவனே தப்பினான் என்னும்போது, மருத்துவர் அந்த ஒரு கேள்வியைக் கேட்டாரா இல்லையா என்பது அவன் வாழ்வையே தீர்மானிப்பதாகிறது.

பிளிகாட்டிக் அமிலம் ஆவியாகும் பொருளன்று என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அது தூளோடு பயணம் செய்கிறது. செஞ்சீடாரின் புகழ்பெற்ற மணத்தைத் தருபவை வேறு பொருள்கள். நம் மூக்கு முகர்வது ஒன்று, நம் மூச்சுக்குழலைச் சுருக்குவது மற்றொன்றாக இருக்கலாம். மணம் குறைவாயிருக்கிறது, ஆகையால் கேடில்லை என்று எண்ணுவது பிழை.

நாற்காலி ஊர்

இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில் ஹை வைக்கம் என்ற ஊர் நாற்காலி செய்வதற்குப் பெயர் பெற்றது. அவ்வூர் மருத்துவமனையில் காது மூக்கு தொண்டை அறுவை நிபுணராக இருந்த எஸ்மி ஹாட்ஃபீல்ட் அம்மையார், மூக்கெலும்பின் உட்குழிவுகளில் வரும் ஓர் அரிய புற்றுநோயோடு தம்மிடம் வருவோரில் மரவேலைக்காரர்கள் மிகுந்திருப்பதைக் கவனித்தார். ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர் மக்பெத் 1965-இல் அதனை எழுத்தில் பதிவு செய்தார். பின்னர் டொனால்ட் ஆச்சிசன் அவர்களோடு சேர்ந்து 1967, 1968-ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள், பொதுமக்களிடையே இருப்பதைவிடப் பல நூறு மடங்கு மிகுதியாக இந்நோய் மேசை நாற்காலித் தொழிலாளரைத் தாக்குவதைக் காட்டின. வேலையில் சேர்ந்து முப்பது நாற்பது ஆண்டுகள் கழித்தே நோய் தலைகாட்டியது. பிரிட்டன் 1969-இல் இதனைத் தொழில்நோயாக ஏற்று இழப்பீட்டுப் பட்டியலில் சேர்த்தது. உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதியாக வகைப்படுத்தியது 1995-இல். பீச், ஓக் முதலான கடின மரத் தூளே இதில் முதற்குற்றவாளி. ஆகவே மர அறுப்பு ஆலையைவிட, காய்ந்த மரத்தை நுண்ணியதாக இழைத்துத் தேய்க்கும் பட்டறைகளுக்கே இந்த எச்சரிக்கை கூடுதலாகப் பொருந்தும்.

பைன் மரத்தின் மூச்சு

இனி ஆவிக்கு வருவோம். ஸ்வீடன், ஃபின்லாந்து நாடுகளின் செல்வம் பைன் மரமும் ஸ்புரூஸ் மரமும். பச்சைப் பைன் மரத்தில் வாள் இறங்கியதும் பிசின் மணம் கமழும். அந்த மணம் டெர்பீன் எனப்படும் ஆவிகளால் ஆனது: ஆல்ஃபா பைனீன், பீட்டா பைனீன், 3-கரீன் என்பவை முதன்மையானவை. வண்ணம் பூசுவோர் கையாளும் டர்பன்டைன் எண்ணெயும் இவற்றின் கலவையே. குந்திரிக்கத்தின் மணத்திலும் ஆல்ஃபா பைனீனுக்குப் பங்குண்டு. ஒரு சிட்டிகை குந்திரிக்கம் வீட்டை மணக்கச் செய்வது வேறு. ஓர் ஆலைக் கொட்டகையில் நாளெல்லாம் பைன் மரத்தடிகள் பிளந்து ஆவி கக்குவது வேறு.

டர்பன்டைன் வண்ணக்காரரின் கைத்தோலைப் புண்ணாக்குவது ஸ்வீடன், ஃபின்லாந்து மருத்துவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. 3-கரீன் காற்றோடு கலந்து மாறும்போது உண்டாகும் பொருளே அதற்குக் காரணம் என்றும் கண்டார்கள். ஆலைக் காற்றில் மிதக்கும் அதே பொருளைப் பற்றி எண்ணம் சென்றதோ பின்னரே. 1980-களிலும் 1990-களிலும் ஸ்வீடிஷ் ஆய்வாளர்கள் தொழிலாளியின் சட்டைக் கழுத்தருகே கரித்தூள் அடைத்த சிறு குழாயைப் பொருத்தினார்கள். அவர் மூச்சு விடும் இடத்துக் காற்றிலுள்ள ஆவியைக் கரி பிடித்துக்கொள்ளும்; மாலையில் அதை ஆய்வுக்கூடத்தில் அளப்பார்கள். ஒரு கன மீட்டர் காற்றில் 150 மில்லிகிராம் என்பது ஸ்வீடன் வகுத்த வரம்பு. பைன் அறுக்கும் ஆலைகளில் அவ்வரம்பை எட்டிய இடங்களும் தாண்டிய இடங்களும் காணப்பட்டன. ஸ்புரூஸ் அறுக்கையில் ஆவி மிகக் குறைவு. கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்பு, மூக்கடைப்பு என்று தொழிலாளர்கள் காலங்காலமாகச் சொல்லி வந்தவற்றுக்கு இப்போது எண் கிடைத்தது. எண் கிடைத்த பிறகே காது கிடைத்தது என்பதும் உண்மை.

1990-இல் வந்த ஓர் ஆய்வு நமக்கு வியப்பளிக்கிறது. உடல் நலமுள்ள எட்டு ஆடவர் தாமே முன்வந்து, மூடிய அறையில் மிதிவண்டி மிதித்துக்கொண்டே இரண்டு மணி நேரம் ஆல்ஃபா பைனீன் கலந்த காற்றைச் சுவாசித்தார்கள். உள்ளே சென்ற ஆவியில் ஏறக்குறைய அறுபது சதவீதம் உடலிலேயே தங்கியது. அது கொழுப்பில் போய் ஒளிந்துகொண்டு மெல்ல மெல்லவே வெளியேறியது. முழுவதும் நீங்க இரண்டு நாட்களுக்கு மேல் ஆகும் என்று மதிப்பிட்டார்கள். அப்படியானால் திங்கட்கிழமை உள்ளே போனது செவ்வாய்க்கிழமை வேலை தொடங்கும்போதும் உடலில் மிச்சமிருக்கிறது. வாரம் முழுவதும் உழைப்பவர் நாளுக்கு நாள் சுமையேற்றிக் கொள்கிறார். பின்னர் ஆலைத் தொழிலாளரின் சிறுநீரிலும் அந்த ஆவியின் எச்சத்தை அளந்து காட்டினார்கள்.

அமெரிக்கத் தொழில் சுகாதார வல்லுநர் மாநாட்டினர் டர்பன்டைனுக்கும் இந்த டெர்பீன்களுக்கும் பரிந்துரைத்திருந்த வரம்பைக் காற்றின் பத்து லட்சம் பங்கில் 100 பங்கிலிருந்து 20 பங்காக 2003-இல் குறைத்தார்கள். ஐந்தில் ஒன்றாகக் குறைத்தது சிறு திருத்தமா? அதற்கு முன் ‘பாதுகாப்பான அளவு’ என்று நம்பி உழைத்து ஓய்வு பெற்றவர்கள் எத்தனை பேரோ!

மரம் அறுபட்டபின்னும் தன் மூச்சை நிறுத்துவதில்லை. மரத்தூளை அழுத்திச் சிறு குச்சிகளாக்கி எரிபொருளாகக் கப்பலில் அனுப்பும் வணிகம் இந்த நூற்றாண்டில் பெருகியது. குவித்து வைத்த அந்தக் குச்சிகளிலுள்ள கொழுப்புப் பொருள்கள் காற்றோடு கலந்து மாறுகையில் உயிர்வளியை உண்டுவிட்டுக் கார்பன் மோனாக்சைடு என்னும் கொலை வாயுவை உமிழ்கின்றன. 2002-இல் ராட்டர்டாம் துறைமுகத்தில் கனடாவிலிருந்து வந்த கப்பலில் ஒருவர் இதனால் இறந்தார், சிலர் பாதிக்கப்பட்டனர். 2006 நவம்பரில் ஸ்வீடனின் ஹெல்சிங்போரி துறைமுகத்தில் சரக்கறையை அடுத்த படிக்கட்டில் இறங்கிய மாலுமி ஒருவர் மாண்டார். சுமை இறக்கும் தொழிலாளி ஒருவர் உயிருக்குப் போராடினார். காப்பாற்றச் சென்றவர்களும் மயங்கினர். இந்த வாயுவுக்கு மணமே இல்லை. மரத்தின் மணமாவது ஆவி இருப்பதை நமக்கு அறிவித்தது. இது அந்த அறிவிப்பையும் தருவதில்லை.

சட்டம் எங்கே நிற்கிறது

தூளுக்குச் சட்டம் வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் கடின மரத்தூளுக்கு 1999-இல் கன மீட்டருக்கு 5 மில்லிகிராம் என்று வரம்பு கட்டியது. 2017-இல் அதனை 3 ஆக்கி, 2023 ஜனவரியிலிருந்து 2 ஆக்கியது. ஆவிக்கு இத்தகைய பொது வரம்பு இல்லை; ஸ்வீடன் போன்ற சில நாடுகள் தனித்தனியே வகுத்துக் கொண்டவையே உண்டு. நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு தூசி, புகை இரண்டையும் ஒருங்கே குறிப்பிட்டு, அவை கிளம்பும் இடத்துக்கு மிக அருகிலேயே உறிஞ்சும் கருவி வைத்து வெளியேற்றவேண்டும் என்று விதித்தது. நன்றாக எழுதப்பட்ட விதி. ஆனால் மின்விசையோடு இயங்கும் இடத்தில் பத்துப் பேராவது இருந்தால்தான் அச்சட்டத்தின் பொதுவான இலக்கணப்படி அது தொழிற்சாலை. 2020-இல் இயற்றப்பட்ட தொகுப்புச் சட்டம் அந்த எண்ணை இருபதாக உயர்த்தியது. நம் ஊர் மரவாடிகளை ஒட்டியுள்ள அறுப்பு ஆலைகளில் எத்தனையில் இருபது பேர் இருக்கிறார்கள்? ஐந்து பேர், ஆறு பேர். முதலாளியின் மகனும் அவர்களில் ஒருவனாக நின்று மரம் தள்ளுவான். சட்டத்தின் கண்ணில் படாத அந்தக் காற்று முதலாளியையும் வேலையாளையும் ஒன்றாகவே நடத்துகிறது.

மேலும் இப்போது அங்கே அறுபடுவது வேம்பும் பூவரசும் தேக்கும் மட்டுமல்ல. தூத்துக்குடி போன்ற துறைமுகங்கள் வழியாக அயல்நாட்டு மரத்தடிகள் வந்து இறங்குகின்றன; அவற்றில் பைனும் உண்டு. நம் தந்தையர் அறியாத மரம், அறியாத ஆவி. வளைகுடா நாடுகளுக்குச் சென்று தச்சுப் பட்டறைகளில் உழைக்கும் நம் பிள்ளைகளும் எந்த மரத்தை இழைக்கிறோம் என்று கேட்டறியாமலேயே இழைக்கிறார்கள். அவர்களில் யாருக்கேனும் இரவில் இருமல் வந்தால், மருத்துவரிடம் வீட்டார் சொல்லவேண்டிய செய்திகள் சில உண்டு: எந்த மரம், எத்தனை ஆண்டாக, வேலை முடிந்து எத்தனை மணிக்கு இருமல் தொடங்குகிறது, பெருநாள் விடுமுறையில் ஊருக்கு வந்திருக்கும்போது குறைகிறதா. விடுமுறையில் குறைந்து, திரும்பிச் சென்றதும் கூடுகிற இரைப்பை ஆலையோடு சேர்த்துப் பார்ப்பதுதான் வான்கூவர் மருத்துவர்கள் கையாண்ட முதல் சோதனை. மூச்சின் வேகத்தை அளக்கும் சிறு கையடக்கக் குழல் ஒன்று இருந்தால் வேலை நாளிலும் ஓய்வு நாளிலும் தொழிலாளியே அளந்து எழுதி வரலாம்.

நம் ஆலைகளில் தலைத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு வாளருகே நிற்பவர்களை நாம் எங்கும் காண்கிறோம். அந்தத் துண்டு பருந்தூளைத் தடுக்கும். நுண்தூளைத் தடுக்க நெருக்கமான வடிதுணியுள்ள முகமூடி வேண்டும். டெர்பீன் ஆவியை அந்த முகமூடியும் தடுக்காது. கரி நிரப்பிய வடிகலம் பொருத்தியது வேண்டும், அந்தக் கரியையும் நிறைந்ததும் மாற்றவேண்டும். அதனால்தான் ஸ்வீடன் ஆலைகள் முகமூடியை நம்பாமல், வாளைக் கூண்டிட்டு அடைத்து, ஆவியை அங்கேயே உறிஞ்சி வெளியேற்றி, எந்திரத்தை இயக்குபவரைத் தூய காற்று வரும் தனியறையில் அமர்த்தின.